சிப்பி லார்வா வளரவில்லையா? நுண்பாசித் தீனியில் பிழை தேடும் முறை

சிப்பி ஹேட்சரியில் (சிப்பிக் குஞ்சு பொரித்து வளர்க்கும் பண்ணையில்) ஒரு லார்வா தொட்டி, அதாவது நீந்தும் இளங்குஞ்சுத் தொட்டி, படுத்துவிட்டால் எல்லோரும் முதலில் கடல் தண்ணீரைச் சந்தேகப்படுகிறார்கள், அடுத்து தாய்ச்சிப்பியை. தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஹேட்சரியில் உண்ணும் சிப்பியும் முத்துச்சிப்பியும் வளர்த்த காலத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். தொட்டி கழுவும் வேலையில் இருந்த ஒரு பெரியவர் ஒருநாள் சொன்னார்: "தம்பி, தண்ணியை அப்புறம் பாருங்க. அது வயித்துல என்ன கெடக்குன்னு முதல்ல பாருங்க." அன்றிலிருந்து என் தேடல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கெட்டுப்போன தொட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நுண்பாசி அறையில்தான் கிடைத்தது.

கையில் இருக்க வேண்டியவை: நுண்ணோக்கி, செல் எண்ணும் கண்ணாடி, லுகால் அயோடின், உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், பி.எச். கருவி, ஒரு நோட்டு. கீழே வரும் எண்கள் நம் கடற்கரையின் உண்ணும் சிப்பியான கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸுக்கும், முத்துச்சிப்பியான பிங்க்டாடா ஃபுகாட்டாவுக்கும் பொருந்துபவை. உங்கள் நோயறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

லார்வாவின் வயிறு வெளுத்திருக்கிறது

ஒரு துளியில் முப்பது லார்வாவாவது பாருங்கள். ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசியைத் தின்ற லார்வாவின் வயிறு பொன்பழுப்பாக, நடுவில் ஒரு புள்ளி வைத்தது போலத் தெரியும். கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தால் அது பட்டினி. தீனி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதுதான் சரி. தீனிக்கு முன்னால் பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

அடுத்து தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, பாசி செல் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். பாதை இங்கே இரண்டாகப் பிரிகிறது.

*செல் மிச்சமில்லை என்றால்*

தீனி போதவில்லை. பெரும்பாலும் தப்பு கணக்கில்தான் இருக்கும். குடுவையின் நிறத்தைப் பார்த்து "நல்லா அடர்த்தியா இருக்கு, 5 லிட்டர் ஊத்து" என்று சொல்வது நம்மிடையே பழகிப்போன கெட்ட வழக்கம். நிறம் ஏமாற்றும். எண்ணிப் பாருங்கள்.

செல் எண்ணும் கண்ணாடியின் நடுச் சதுரத்தில் 25 கட்டங்கள் இருக்கும். அந்த 25-லும் உள்ள செல்களை எண்ணி 10,000-ஆல் பெருக்கினால் ஒரு மில்லியில் எத்தனை செல் என்று வந்துவிடும். 500 செல் எண்ணினீர்கள் என்றால் மில்லிக்கு 50 லட்சம். ஐசோகிரைசிஸ் நீந்திக்கொண்டே இருக்கும். அதனால் எண்ணும் முன் ஒரு சொட்டு லுகால் விட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது தொட்டிக் கணக்கு. 1,000 லிட்டர் தொட்டி, மில்லிக்கு 5 லார்வா. ஆக மொத்தம் 50 லட்சம் லார்வா. ஒன்றுக்கு நாளைக்கு 5,000 செல் என்றால் 2,500 கோடி செல் வேண்டும். மில்லிக்கு 50 லட்சம் செல் உள்ள பாசி என்றால் 5 லிட்டர் போதும். அதே குடுவையில் உண்மையில் 20 லட்சம்தான் இருக்கிறது என்றால் 12.5 லிட்டர் வேண்டும். நிறத்தை நம்பி 5 லிட்டர் ஊற்றினால் லார்வாவுக்குப் பாதிச் சாப்பாடுகூடக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஆரம்ப நாட்களில் ஒரு லார்வாவுக்கு 3,000 முதல் 5,000 செல் வரையும், கண்புள்ளி (ஒட்டத் தயாராகும் லார்வாவில் தெரியும் கரும்புள்ளி) வரும் பருவத்தில் 10,000 செல்லை ஒட்டியும் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

*செல் மிச்சமிருக்கிறது என்றால்*

தீனி இருக்கிறது, லார்வா தின்னவில்லை. சுலபமானதிலிருந்து பாருங்கள்.

முதலில் அளவு. முதல் ஓடு வந்த டி-வடிவ லார்வாவே 60-70 மைக்ரான்தான். அதன் வாய்க்கு ஐசோகிரைசிஸ், பாவ்லோவா, கீட்டோசெராஸ் கால்சிட்ரான்ஸ் போன்ற 3 முதல் 6 மைக்ரான் செல்கள்தான் ஒத்துவரும். டெட்ராசெல்மிஸ் 10 மைக்ரானுக்கு மேல் போகும். லார்வா 120 மைக்ரான் தாண்டுவதற்கு முன் அதைப் போட்டால் அடியில் தங்கி அழுகும். நல்ல பாசியும்கூடக் கட்டிதட்டிப் போயிருந்தால் வாய்க்குள் போகாது. 20 மைக்ரான் சல்லடையில் வடித்து ஊற்றுங்கள். சல்லடையில் பிசுக்கு நிறையத் தங்கினால் அந்தக் குடுவை வயதாகிவிட்டது.

அடுத்து குளோரின். கடல் தண்ணீரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்திருந்தால், ஆர்த்தோடொலிடின் என்ற சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் தட்டினால் குளோரின் மிச்சம் இருக்கிறது. குளோரினை முறிக்கத் தயோசல்ஃபேட் போட்டுவிட்டோம் என்று யாராவது சொன்னாலும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் உப்பளவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது கரையோரத் தண்ணீர் ஒரே நாளில் இறங்கிவிடும். உள்ளே இழுத்த தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் லார்வா ஓட்டை மூடிக்கொண்டு அடியில் கிடக்கும். அந்த நேரத்தில் எந்தத் தீனி போட்டாலும் வீண். உப்பளவைச் சமன் செய்துவிட்டு அடுத்த வேளைத் தீனியைத் தொடங்குங்கள்.

தீனியை அதிகம் கொட்டுவதும் இதே அறிகுறியைக் காட்டும். மில்லிக்கு 1 லட்சம் செல்லுக்கு மேல் போனால் லார்வா தின்பதை விடத் துப்புவதுதான் அதிகம். ஒரு வேளையை நிறுத்திப் பாருங்கள். வயிறு நிறம் திரும்பினால் காரணம் அதுதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் 24 மணி நேரத்தில் வயிறு நிறம் பிடிக்கவில்லை என்றால், தண்ணீரும் லார்வாவும் எடுத்துக்கொண்டு கடல்வாழ் உயிரி நோய் பார்க்கத் தெரிந்தவரிடம் போய்விடுங்கள்.

வயிறு நிறைந்திருக்கிறது, ஆனால் வளரவில்லை

அதிகமாக ஏமாற்றுவது இந்த அறிகுறிதான். நுண்ணோக்கியில் பார்த்தால் வயிறு நல்ல நிறத்தில் இருக்கும், நீச்சலும் இருக்கும். ஒரு வாரம் கழித்து அளந்தால் 10 மைக்ரான்கூட ஏறியிருக்காது. முத்துச்சிப்பியில் ஏறக்குறைய பத்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் 135 மைக்ரானும், பதினைந்தாம் நாளை ஒட்டிக் கண்புள்ளியோடு 190 மைக்ரானும் வர வேண்டும். முப்பது லார்வாவை அளந்து சராசரி எழுதி வையுங்கள். கண்ணால் பார்த்து "பரவாயில்லை" என்று விட்டுவிட வேண்டாம்.

*குடுவையில் இருப்பது நீங்கள் நினைக்கும் பாசிதானா?*

செலவில்லாத சோதனை இதுதான், ஆனாலும் யாரும் செய்வதில்லை. ஐசோகிரைசிஸ் குடுவைக்குள் நானோகுளோராப்சிஸ் போன்ற பச்சைப் பாசி புகுந்தால் ஒரு மாதத்தில் அது முழுவதையும் பிடித்துவிடும். பொன்பழுப்பு நிறம் மெல்லப் பச்சையாக மாறுவதைத் தினமும் பார்ப்பவர் கண் கவனிக்காது. 40 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஐசோகிரைசிஸ் நீந்தும். நானோகுளோராப்சிஸ் 2-4 மைக்ரான் பச்சை உருண்டை, நீந்தாது. அதன் செல்சுவர் கெட்டி. லார்வா அதை விழுங்கும், வயிறும் நிறைந்து தெரியும், ஆனால் பாதிக்கு மேல் செரிக்காமலேயே வெளியே வரும். கழிவில் முழுப் பச்சை உருண்டைகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

எங்கள் ஹேட்சரியில் ஒரு கோடையில் மூன்று தொகுதி லார்வா இப்படித்தான் போயின. நாங்கள் தண்ணீர் வடிகட்டியை மாற்றினோம், புளோயரை மாற்றினோம், தாய்ச்சிப்பியையே புதிதாகக் கொண்டுவந்தோம். கடைசியில் விதைப் பாசி வைத்திருக்கும் ஸ்டாக் குடுவையில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே ஐசோகிரைசிஸ் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரிந்தது. அத்தனை உயிர்கள் போனது இன்றும் மனதை உறுத்துகிறது. அதனால் கேட்டுக்கொள்கிறேன், ஸ்டாக் குடுவையை வாரம் ஒருமுறை நுண்ணோக்கியில் பாருங்கள்.

*பாசிக்கு வயதாகிவிட்டதா?*

செல் எண்ணிக்கை நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருக்கும் நாட்களில்தான் பாசியை அறுவடை செய்ய வேண்டும். எண்ணிக்கை நின்றுவிட்ட பாசியில் கொழுப்பு கூடியிருக்கும், ஆனால் அது வெறும் சேமிப்புக் கொழுப்பு. புரதம் குறைந்திருக்கும், பாக்டீரியா கூடியிருக்கும். தினமும் எண்ணிய எண்ணை நோட்டில் எழுதினால், இரண்டு நாள் தொடர்ந்து ஏறாத குடுவை எது என்று உடனே தெரியும். அதை லார்வாவுக்குப் போட வேண்டாம். பெரிய சிப்பிக்கு வேண்டுமானால் போடலாம்.

*ஒரே பாசியை மட்டும் போடுகிறீர்களா?*

சிப்பிக்கு டி.எச்.ஏ., இ.பி.ஏ. என்ற இரண்டு நீளச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் தேவை. தன் உடம்பில் போதுமான அளவு செய்துகொள்ளச் சிப்பியால் முடியாது. பாசியிலிருந்துதான் வர வேண்டும். எந்தப் பாசியில் எது இருக்கிறது என்பதை நான் பாசி அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன்: ஐசோகிரைசிஸில் டி.எச்.ஏ. உண்டு, இ.பி.ஏ. சொற்பம். கீட்டோசெராஸில் இ.பி.ஏ. நிறைய, டி.எச்.ஏ. சொற்பம். பாவ்லோவாவில் இரண்டும் உண்டு. டெட்ராசெல்மிஸிலும் நானோகுளோராப்சிஸிலும் டி.எச்.ஏ. கிடையாது. டுனாலியெல்லாவில் இரண்டும் இல்லை.

ஆகவே ஐசோகிரைசிஸ் பாதி, கீட்டோசெராஸ் பாதி என்று கலந்து போடுவது எளிய மருந்து. இந்தியாவில் 1981-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் முத்துச்சிப்பி லார்வாவை முதன்முதலில் வளர்த்தெடுத்தபோது ஐசோகிரைசிஸ்தான் தீனி. ஒற்றைப் பாசியிலும் லார்வா கரையேறும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த ஒற்றைப் பாசி நல்ல இளமையோடு, சுத்தமாக, தினமும் கிடைக்க வேண்டும். நம் மின்வெட்டுக்கும் வெயிலுக்கும் நடுவில் அந்த உறுதி கிடையாது. அதனால்தான் இரண்டு பாசி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

*தீனிதான் காரணமா என்று உறுதி செய்ய மூன்று வாளிச் சோதனை*

ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அதே தொகுதி லார்வாவை மூன்று 10 லிட்டர் வாளிகளில் ஒரே அடர்த்தியில் விடுங்கள். ஒன்றுக்கு இப்போது போடும் தீனி. இரண்டாவதற்கு வேறு இடத்திலிருந்து வாங்கிய சுத்தமான ஐசோகிரைசிஸ்-கீட்டோசெராஸ் கலவை. மூன்றாவதற்குத் தீனியே இல்லை. நான்கு நாள் கழித்து ஒவ்வொன்றிலும் முப்பது லார்வாவை அளந்து பாருங்கள்.

முதல் வாளி பட்டினி வாளியை ஒட்டி இருந்து, இரண்டாவது வாளி மட்டும் வளர்ந்திருந்தால் குற்றம் உங்கள் தீனியில். முதலும் இரண்டாவதும் ஒன்றுபோல வளர்ந்திருந்தால் தீனி சரி, தொட்டியில்தான் ஏதோ இருக்கிறது. மூன்றும் ஒன்றுபோலத் தேங்கி நின்றால் தண்ணீரையோ முட்டையின் தரத்தையோ பாருங்கள். முடிந்தால் ஒவ்வொரு வகைக்கும் மூன்று வாளி வையுங்கள். ஒற்றை வாளி சில நேரம் பொய் சொல்லும்.

தீனிதான் காரணம் என்று வாளி சொல்லியும், பாசி இனம், வயது, எண்ணிக்கை மூன்றும் சரியாக இருந்தால் அப்போது கொழுப்பு அமிலப் பரிசோதனைக்கு அனுப்பலாம். பாசியைக் கண்ணாடி இழை வடிதாளில் வடித்து, காற்றுப் படாமல் மூடி, உடனே உறைய வைத்து, உலர் பனிக்கட்டியோடு அனுப்ப வேண்டும். சாதாரண ஐஸ் பெட்டியில் ஒரு நாள் பேருந்தில் போன மாதிரியில் டி.எச்.ஏ. குறைந்துதான் காட்டும். அந்த அறிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. லார்வாவையும் சேர்த்து அனுப்புங்கள். பாசியில் இருந்தும் லார்வாவில் இல்லை என்றால் பிரச்சினை செரிமானத்தில் இருக்கிறது.

கண்புள்ளி வந்துவிட்டது, ஒட்டவில்லை

உண்ணும் சிப்பியில் 300 மைக்ரானை ஒட்டிக் கண்புள்ளி தெரிந்து, கால் நீட்டித் தவழ ஆரம்பிக்கும். அந்த நிலையில் நாட்கள் நகர்ந்தும் ஒட்டவில்லை என்றால் முதலில் ஒட்டும் பரப்பைப் பாருங்கள். புதுச் சிப்பி ஓடு, புது ஓடு கோத்த கயிறு, புதுப் பிளாஸ்டிக் தட்டு எதுவானாலும் சில நாள் கடல் தண்ணீரில் ஊறி மெல்லிய வழுவழுப்பு ஏறியிருக்க வேண்டும். வெளிச்சத்தைக் குறையுங்கள், காற்றோட்டத்தை மெதுவாக்குங்கள். இதற்கெல்லாம் செலவே இல்லை.

இது சரியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால் சேமிப்பு போதவில்லை. நீந்தும் உறுப்பைக் களைந்து சிப்பியாக மாறும் அந்த இடைவெளியில் லார்வாவால் தின்ன முடியாது. அதுவரை சேர்த்து வைத்த கொழுப்பில்தான் உயிர் தாங்கும். நுண்ணோக்கியில் வயிற்றைச் சுற்றி மினுங்கும் எண்ணெய்த் துளிகள் தெரிய வேண்டும். அவை இல்லாத லார்வாவைச் சல்லடையில் பிரித்து, ஒட்டும் தொட்டிக்கு மாற்றாமல், இரண்டு மூன்று நாள் ஐசோகிரைசிஸும் கீட்டோசெராஸும் கூட்டிப் போட்டுப் பிறகு மாற்றுங்கள். எங்களுக்கு இது பலமுறை பலன் தந்தது.

எண்ணெய்த் துளி நன்றாகத் தெரிந்தும் ஒட்டாவிட்டால், எபிநெஃப்ரின் என்ற ஹார்மோன் கரைசலில் சிறிது நேரம் வைத்துத் தூண்டும் முறை இருக்கிறது. அதைப் பழகியவர் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம். அளவு கூடினால் தொகுதி முழுவதும் போய்விடும்.

நேற்று நன்றாக இருந்தது, இன்று காலை அடியில் கிடக்கிறது

ஒரே இரவில் சாவு என்றால் அது சத்துக் குறைவு இல்லை. சத்துக் குறைவு மெதுவாகத்தான் கொல்லும். முதலில் இரவில் மின்சாரம் போனதா, ஜெனரேட்டர் தானாக எடுத்ததா என்று கேளுங்கள். அடுத்து தண்ணீர் வெப்பம், உப்பளவு, குளோரின்.

அவை சரி என்றால் விப்ரியோ பாக்டீரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். நீந்தும் லார்வா வட்டமாகச் சுற்றும், நீந்தும் உறுப்பை உள்ளே இழுக்க முடியாமல் கிடக்கும், சதை கிழிந்து ஓட்டுக்கு வெளியே தெரியும். இங்கேயும் பாசிதான் அடிக்கடி வண்டியாக வேலை செய்கிறது. நுண்பாசிதான் லார்வா சாப்பிடும் தட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், அது சுத்தமாக இருக்க வேண்டும். விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் டி.சி.பி.எஸ். ஊடகத் தட்டில் தொட்டித் தண்ணீர், தண்ணீர் வரும் குழாய், பாசிக் குடுவை மூன்றிலிருந்தும் தனித்தனியாகத் தடவி ஓர் இரவு வையுங்கள். பாசிக் குடுவைத் தட்டில் மஞ்சளோ பச்சையோ குடியேற்றம் வந்தால் கலங்காமல் அந்தப் பாசி வரிசை முழுவதையும் கொட்டிவிட்டு, சோதனைக் குழாய் ஸ்டாக்கிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். குழாய்த் தட்டில் மட்டும் வந்தால் வடிகட்டியையும் புற ஊதா விளக்கையும் பாருங்கள்.

ஆன்டிபயாடிக் ஊற்றித் தப்பிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாவை நீங்களே வளர்த்துவிடுவீர்கள். பாதிக்கு மேல் செத்த தொட்டியைக் குளோரின் போட்டுக் கொன்று காலி செய்வதுதான் மற்றத் தொட்டிகளைக் காப்பாற்றும் வழி. இரண்டாவது தொட்டியிலும் அதே நாளில் சாவு தொடங்கினால், தாமதிக்காமல் நோய்க் கண்டறியும் ஆய்வகத்தைக் கூப்பிடுங்கள். உயிரோடு இருக்கும் லார்வாவைத்தான் அனுப்ப வேண்டும். செத்ததில் எந்தப் பாக்டீரியாவும் வளரும், அதில் காரணம் தெரியாது.

தாய்ச்சிப்பி நிறையத் தின்கிறது, முட்டை தேறவில்லை

முட்டை உருண்டையாக இல்லாமல் நீளவாட்டில் கோணலாக இருக்கிறது, அல்லது டி-வடிவத்துக்கு வருவது மிகக் குறைவு. முதலில் முட்டை பக்குவமாகும் முன் கட்டாயப்படுத்தி முட்டையிடத் தூண்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது இல்லை என்றால் தீனி. தாய்ச்சிப்பியைத் தயார்படுத்த நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் உலர் சதை எடையில் நாளைக்கு 3 முதல் 6 சதவீதம் வரை உலர் எடையில் பாசி போக வேண்டும். மக்காச்சோள மாவு கரைத்துக் கொடுப்பது நம்மிடம் பழைய வழக்கம். அதில் சதை பருக்கும், ஆனால் முட்டைக்கு வேண்டிய டி.எச்.ஏ. அதில் இல்லை. லார்வா முதல் இரண்டு நாள் தாய் கொடுத்த சேமிப்பில்தான் வாழ்கிறது. அதனால் மாவைப் பாசிக்குத் துணையாக மட்டும் வையுங்கள். கடைசி மூன்று வாரம் கீட்டோசெராஸ், ஐசோகிரைசிஸ் இரண்டையும் குறையாமல் கொடுங்கள்.

பாசிக் குடுவையே வெளுத்துப் படுத்துவிட்டது

வெப்பத்தைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் பாசி அறையின் ஏ.சி. இரண்டு மணி நேரம் நின்றாலே சாதாரண ஐசோகிரைசிஸ் கால்பானா தாங்காது. 23 முதல் 25 டிகிரி என்பது பாதுகாப்பு. தஹிதித் தீவிலிருந்து வந்த வகை கொஞ்சம் அதிக வெப்பம் தாங்கும். 2013 முதல் அதற்கு டிசோகிரைசிஸ் லூட்டியா என்று தனிப் பெயர். நம் ஊருக்கு அந்த வகை நல்லது. குடுவைச் சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீட்டோசெராஸ் மட்டும் நின்று, மற்றவை நன்றாக வளர்கின்றனவா? சிலிக்கேட் விட்டுப்போயிருக்கும். கீட்டோசெராஸ் போன்ற டயட்டம்களுக்குச் சோடியம் மெட்டாசிலிக்கேட் தனியாகச் சேர்க்க வேண்டும், பாசிக்கு உரமாகப் போடும் கான்வே ஊடகத்தில் அது கிடையாது. எல்லாப் பாசியும் ஒன்றாக நின்றதா? வைட்டமின் கரைசலைப் பாருங்கள். பி1, பி12 இரண்டையும் ஆட்டோகிளேவில் போட்டால் சூட்டில் வலுக்குறையும். தண்ணீர் ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும். புதிதாகப் பித்தளை வால்வோ செப்புக் குழாயோ பொருத்தினீர்களா என்றும் கேளுங்கள். செம்பு பாசிக்கும் விஷம், லார்வாவுக்கும் விஷம்.

குடுவைக்குள் வேகமாக ஓடும் சிலியேட் (பாசியைத் தின்னும் ஒற்றைச் செல் உயிரி) தெரிந்தால் காப்பாற்ற முயலாதீர்கள். சல்லடையில் வடித்தால் போய்விடும் என்று நினைத்து நான் இரண்டு வாரம் வீணாக்கினேன். குடுவையோடு கொட்டி, கழுவி, வேறு இடத்தில் வைத்திருக்கும் ஸ்டாக்கிலிருந்து தொடங்குங்கள். ஸ்டாக்கை இரண்டு அறையில், இரண்டு வேறு மின்சுற்றில் வைப்பது இதற்குத்தான். ஏ.சி. சரியாக ஓடியும் அறை குளிரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், நீங்களே பெட்டியைத் திறக்க வேண்டாம்.

மரபணுப் பரிசோதனை முடிவு முன்னுக்குப் பின் முரணாக வருகிறது

இப்போது பல ஹேட்சரிகள் கல்லூரிகளோடு சேர்ந்து, எந்தத் தீனியில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கின்றன. நல்ல விஷயம். ஆனால் முடிவு குழம்பினால் ஆய்வகத்தைக் குறை சொல்வதற்கு முன் நம் பக்கத்துத் தவறுகளைப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் தப்பு மாதிரி எடுத்த விதத்தில்தான் இருந்தது.

*ஒரே நாள் லார்வாவை ஒப்பிட்டீர்களா, ஒரே அளவு லார்வாவையா?*

நல்ல தீனி தின்றது பத்தாம் நாளில் 135 மைக்ரான். மோசமான தீனி தின்றது அதே நாளில் 90 மைக்ரான். இரண்டையும் ஒப்பிட்டால் தெரிவது தீனியின் வித்தியாசம் இல்லை, பருவத்தின் வித்தியாசம். ஓடு உருவாக்கும் மரபணுக்கள் பருவத்தோடு சேர்ந்து ஏறும். ஒரே நாளில் ஒரு மாதிரி, ஒரே அளவு வந்தபின் ஒரு மாதிரி என்று இரண்டும் எடுத்து வையுங்கள்.

*வயிற்றில் பாசி இருந்ததா?*

லார்வாவை முழுதாகத்தான் அரைக்கிறோம். வயிற்றில் உள்ள பாசியின் ஆர்.என்.ஏ.வும் அதோடு வரும். இரண்டு தீனியில் இரண்டு பாசி என்றால் அந்தக் கலப்பும் வேறுபடும். பாசியின் நிறமிகளும் சர்க்கரைப் பொருட்களும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கவும் செய்யும். மாதிரி எடுக்கும் முன் எல்லாத் தொட்டி லார்வாவையும் ஒரே கால அளவு வடிகட்டிய தண்ணீரில் விட்டு வயிறு காலி செய்யுங்கள். அந்தப் பட்டினியே சில மரபணுக்களை மாற்றும் என்பதால் ஒன்றை 2 மணி நேரமும் மற்றதை 6 மணி நேரமும் வைத்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.

*எதில் பாதுகாத்தீர்கள்?*

ஃபார்மலின் கூடாது. ஆல்கஹால் டி.என்.ஏ.வுக்குச் சரி, ஆர்.என்.ஏ.வுக்கு நம்ப முடியாது. சல்லடையில் பிடித்த சில நிமிடங்களுக்குள் ஆர்.என்.ஏ. காக்கும் கரைசலிலோ திரவ நைட்ரஜனிலோ போய்விட வேண்டும்.

*ஒரே தொட்டியில் மூன்று மாதிரி எடுத்தீர்களா?*

அது ஒரு தொட்டிதான், மூன்று இல்லை. தீனி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று தனித்தொட்டி வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியின் குணம் தீனியின் குணமாகத் தெரியும்.

*எந்த மரபணு ஏறியது?*

உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது ஏறும் எச்.எஸ்.பி.70 ஏறியிருந்தால் அதை உடனே தீனியின் தலையில் போடாதீர்கள். வெயில், உப்பளவு, சல்லடையில் அதிக நேரம் வைத்தது எல்லாமே அதை ஏற்றும். பசிபிக் சிப்பியின் முழு மரபணுத் தொகுதி 2012-இல் வெளியானபோது அதில் 88 எச்.எஸ்.பி.70 மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது. எதை அளந்தார்கள் என்று பிரைமர் (மரபணுவைப் பிடிக்கப் பயன்படும் சிறு டி.என்.ஏ. துண்டு) விவரத்தோடு கேட்டு வாங்குங்கள். முத்துச்சிப்பியின் மரபணுத் தொகுதியும் அதே ஆண்டு வந்தது. அதனால் பிரைமரை நம் இனத்துக்கே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதியின் மரபணு தீனியின் வகைக்கு மட்டுமல்ல, அளவுக்கும் மாறும். ஒரு தொட்டிக்குப் பாதித் தீனி போயிருந்தால் வகையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. முதல் தலைப்பில் சொன்ன எண்ணும் வேலை இங்கேயும் வந்து நிற்கிறது. கொழுப்பு அமிலச் சங்கிலியை நீட்டும், அதில் இரட்டைப் பிணைப்பு சேர்க்கும் நொதிகளின் மரபணு ஏறியிருந்தால், சிப்பி பற்றாக்குறையை ஈடுகட்ட முயல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஈடுகட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு அதே மாதிரியில் டி.எச்.ஏ. அளந்திருக்க வேண்டும்.

ஒப்பீட்டு மரபணு (மாறாமல் இருக்கும் என்று நம்பி அளவுகோலாக வைப்பது) ஒன்றை மட்டும் வைத்து வந்த முடிவு என்றால் திருப்பிக் கேளுங்கள். ஆக்டின் போன்றவையே லார்வாவின் பருவத்தோடு மாறும். குறைந்தது இரண்டு வைத்து, அவை இந்தத் தொட்டிகளில் நிலையாக இருந்தன என்று காட்டச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் முடிவு பொருந்தவில்லை என்றால் மூலக்கூறு உயிரியல் தெரிந்தவரை ஹேட்சரிக்கே வரவழையுங்கள். மாதிரிக் குழாயோடு ஒரு தாள் கொடுங்கள். அதில் பாசியின் பெயரும் வகையும், அறுவடை செய்த நாளில் குடுவையின் வயது, மில்லிக்கு எத்தனை செல், லார்வாவுக்கு எத்தனை செல், மாதிரி எடுத்த மணி, கடைசித் தீனி போட்ட மணி, தண்ணீர் வெப்பம், உப்பளவு, முப்பது லார்வாவின் சராசரி அளவு எல்லாம் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் குழாயை மட்டும் அனுப்பினால் அவரால் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.